இண்டங்கொடியும் என் காக்கி நிஜாரும்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் எனக்குச் செஞ்சிப் பக்கம் காட்டுக் கார்டு வேலை கிடைத்தது. வயது இருபத்திரண்டு. பிறந்து வளர்ந்தது கடலோரம். மலை என்றால் ரயிலில் போகும்போது தூரத்தில் தெரிவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மரங்களில் தென்னையைத் தெரியும், பனையைத் தெரியும், வேம்பைத் தெரியும். மற்றதெல்லாம் பொதுவாக மரம். இந்த ஞானத்தை வைத்துக்கொண்டு ஒரு மலைச்சரிவு முழுவதையும் காத்து வரும்படி என்னை அனுப்பிவிட்டார்கள்.

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உருட்டி வைத்த பாறைகளைப் பார்த்துவிட்டு, மொட்டை மலை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மேற்கே இன்னும் கொஞ்ச தூரம் நடந்து, பாறைக்கும் பாறைக்கும் நடுவே இருக்கும் பள்ளங்களுக்குள் இறங்கினால்தான் தெரியும். உள்ளே வெயில் விழாது. தொடைப் பருமன் கொடிகள் மரத்தில் ஏறி, அடுத்த மரத்துக்குத் தாவி, மறுபடி தரைக்கு இறங்கி, எதையோ மறந்துவிட்டது போலத் திரும்ப மேலே ஏறும். எது எந்தக் கொடியின் தலை, எது எந்தக் கொடியின் கால் என்று சொல்ல முடியாது. முதல் நாள் பார்த்தபோது யாரோ ஒரு ராட்சசன் கயிற்று மூட்டையை அவிழ்த்துக் கொட்டிவிட்டு ஓடியது போல எனக்குப் பட்டது.

அந்தக் கொடிகளை யாரோ வெட்டிக்கொண்டு போகிறார்கள், தடுக்க வேண்டும் என்பதுதான் எனக்கு வந்த முதல் உத்தரவு. ரேஞ்சர் கைப்பட எழுதி அனுப்பியிருந்தார்.

யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய துப்பறிதல் எதுவும் தேவைப்படவில்லை. மலையடியில் ஒரு சின்ன ஊர். கிறிஸ்துவ வேதக்காரர்கள் பாதி, மற்றவர்கள் பாதி. கயிறு கிடைக்காத காலம் அது. வேலி கட்ட, கூரைக்குக் கீற்று வைத்துக் கட்ட, கூடை முடைய எல்லாவற்றுக்கும் கொடிதான். அந்த ஊரிலிருந்து மூன்று பெண்கள் ஒன்றுவிட்டு ஒரு நாள் மலை ஏறுவார்கள். முன்னால் நடப்பவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் மாதா சுரூபம் தொங்கும். அவளுக்குப் பின்னால் அவளுடைய நாத்தனார், இருபது வயதுக்காரி. மூன்றாவது பெண் பேசி நான் கேட்டதே இல்லை. சிரிக்க மட்டும் செய்வாள். அதுவும் நான் பேசும்போது மட்டும்.

அவர்களிடம் சீட்டு இருந்தது. காய்ந்த சுள்ளி பொறுக்கிக்கொள்ளலாம் என்று காட்டிலாகா கொடுத்த சீட்டு. ஒரு நாள் காலை அவர்கள் தலைச்சுமையோடு இறங்கி வரும் வழியில் நான் குறுக்கே நின்றேன்.

"கட்டை எறக்கும்மா."

"எறக்கறேன். அப்புறம் தூக்கி வெக்க நீங்க வருவீங்களா?" என்றாள் மாதா சுரூபக்காரி.

இறக்கினார்கள். ஒவ்வொரு கட்டிலும் பத்துப் பன்னிரண்டு சுள்ளிகள் இருந்தன. அந்தப் பத்துப் பன்னிரண்டு சுள்ளிகளையும் சுற்றிக் கொடி. ஒரு சுற்று இரண்டு சுற்று இல்லை. தலை முதல் கால் வரை, சுள்ளியே கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு, பச்சைக் கொடி. தலையில் வைத்திருந்த சும்மாடு கூடக் கொடியைச் சுருட்டிச் செய்ததுதான்.

"இது என்ன?"

"சுள்ளி."

"சுள்ளி தெரியுது. சுத்தியிருக்கிறது?"

"கட்டுங்க. கட்டாம எடுத்தாந்தா கொட்டிடும் இல்ல?"

"பத்துச் சுள்ளிக்கு இவ்வளவு கட்டா?"

"எறக்கத்துல வரோமே, ஆடும்."

மூன்றாவது பெண் சிரித்தாள். நான் சீட்டை வாங்கிப் படித்தேன். முன்பக்கம் படித்தேன், பின்பக்கம் படித்தேன். சுள்ளியை எதால் கட்ட வேண்டும், எத்தனை சுற்றுக் கட்ட வேண்டும் என்று அதில் ஒரு வரியும் இல்லை.

"கொடி வெட்டுறது குத்தம். தெரியுமில்ல?" என்று பொதுவாக ஒன்றைச் சொல்லி வைத்தேன்.

"இன்னாங்க இது, சர்க்காரே வருசா வருசம் ஆளு வெச்சி கொடி வெட்டுது. மரத்த நெரிக்கிதுன்னு. நீங்க வெட்னா வேல, நாங்க வெட்னா திருட்டா?"

அது உண்மைதான். கொடிகள் நல்ல மரங்களை அமுக்கிவிடுகின்றன என்று ஆண்டுக்கொரு முறை 'கொடி வெட்டு' என்று ஒரு வேலை நடக்கும். வெட்டிய கொடிகளை அங்கேயே மக்க விட்டுவிடுவார்கள். கட்டுகளைத் தூக்கி வைத்து அனுப்பினேன். அவள் கேட்டபடியே மூன்றையும் நான்தான் தூக்கி வைத்தேன்.

அன்று மாலையே ரேஞ்சருக்கு எழுதினேன். சுள்ளியைக் கட்டும் கொடி, சுள்ளியில் சேர்த்தியா, கொடியில் சேர்த்தியா என்று விளக்கம் கேட்டிருந்தேன். நல்ல கேள்வி என்று எனக்கே ஒரு பெருமை. பதில் ஒரே வரியில் வந்தது. கையில் அரிவாளும் அரிவாளில் கொடியும் இருக்கும்போது பிடிக்கவும்.

சரி, பிடிக்கலாம் என்று முடிவு செய்தேன். அவர்கள் வரும் நாளன்று விடிந்ததும் விடியாததுமாகப் பள்ளத்துக்குப் போய்விட்டேன். நல்ல மறைவிடம் வேண்டும். தரையில் ஒளிந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு நாவல் மரத்தில் இரண்டு ஆள் உயரத்தில், கிளை பிரியும் இடத்தில், அகலமான கவடு ஒன்று இருந்தது. அதைச் சுற்றிப் புளிய இலை போலப் பொடிப்பொடியான இலைகளோடு ஒரு கொடி பந்தல் போட்டிருந்தது. பார்க்க மெத்தை மாதிரி. உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொண்டால் ஆள் இருப்பதே தெரியாது. நமக்காகவே யாரோ செய்து வைத்தது போல இருக்கிறதே என்று ஏறினேன். நுழைந்தேன். உட்கார்ந்தேன்.

அதற்குப் பெயர் இண்டு என்று அப்போது எனக்குத் தெரியாது. இண்டங்கொடியின் முள் பூனை நகம் போலப் பின்பக்கமாக வளைந்திருக்கும். உள்ளே போகிறவனை ஒன்றும் சொல்லாது. வெளியே வர நினைத்தால்தான் பேச ஆரம்பிக்கும். கொஞ்ச நேரம் கழித்து வழியைப் பார்க்கலாம் என்று முன்னால் சாய்ந்தேன். சாய முடியவில்லை. முதுகில் யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பது போல இருந்தது. கையைப் பின்னால் கொண்டு போனேன். கையும் மாட்டிக்கொண்டது. கையை விடுவிக்கக் காலை ஊன்றினேன். நிஜார் மாட்டிக்கொண்டது. தலையைத் திருப்பினேன். தலைப்பாகை மாட்டிக்கொண்டது. ஐந்து நிமிஷத்தில் ஒரு விரலும் வாயும் தவிர எனக்குச் சொந்தமாக எதுவும் மிச்சமில்லை.

நிஜாரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். துணிக்குப் பஞ்சமான காலம். ஒரு கார்டுக்கு வருஷத்துக்கு ஒரு காக்கி நிஜார்தான். எனக்கு வந்தது யாரோ இரண்டு மடங்கு ஆளுக்குத் தைத்தது. இடுப்பில் வார் போட்டுச் சுருக்கிக் கட்டியிருந்தேன். அது கிழிந்தால் அடுத்த வருஷம் வரை வேட்டியோடுதான் உத்தியோகம். எனவே பலமாக இழுத்து வெளியே வரவும் மனசு வரவில்லை. யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். நேராக என் மரத்தடிக்கே வந்து நின்றார்கள்.

"கார்டு இன்னிக்கு வரல போல இருக்குது அண்ணி," என்றாள் நாத்தனார்.

"அவரு எங்க வருவாரு? ஒடம்பப் பாத்தியா? கொத்தவரங்கா மாதிரி. பெருசா ஒரு காத்தடிச்சா கோட்ட மேல போயி உக்காந்துக்குவாரு."

"நிஜாரப் பாத்தியா நீ? ரெண்டு காலு பூர்ற எடத்துல நாலு காலு பூரும்."

"பாவம், யாரு நிஜாரோ."

மூன்றாவது பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். கையில் அரிவாளை எடுக்கட்டும், எடுத்த உடனே மேலிருந்தே பிடித்துவிட்டதாகச் சத்தம் போடலாம் என்று ஒரு திட்டம் எனக்குள் உருவாகிக்கொண்டிருந்தது. சத்தம் போடத் தடை எதுவும் இல்லையே, வாய்தான் சுதந்திரமாக இருக்கிறதே. ஆனால் அந்த நாவல் மரத்தில் எனக்கு முன்பே முசுறு குடியிருந்தது. இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் அந்தச் சிவப்பு எறும்பு கூட்டமாகத்தான் வரும். முதல் எறும்பு கழுத்தில் கடித்தது. பல்லைக் கடித்துப் பொறுத்தேன். இரண்டாவது, நாலு கால் பூரும் என்று சொல்லப்பட்ட அந்த நிஜாருக்குள் பூந்தது.

"ஐயோ!" என்றேன்.

கீழே பேச்சு நின்றது.

"மேல இன்னாது, கொரங்கா?"

"நான்தாம்மா. கார்டு."

"கார்டுங்களா! அங்க இன்னா பண்றீங்க?"

"ரோந்து."

"மரத்து மேல கூடவா?"

எறும்புக்கடியில் எனக்குக் கௌரவம் எல்லாம் கரைந்துகொண்டிருந்தது. "அம்மா, கொடியில மாட்டிக்கிட்டேன். கொஞ்சம் வெட்டி விடுங்க," என்றேன்.

மாதா சுரூபக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். முகத்தில் அத்தனை கவலை. "எதுல வெட்றதுங்க? எங்ககிட்ட ஏது அருவா? சீட்டுல சுள்ளி பொறுக்கன்னுதான போட்டிருக்குது? பொறுக்கறதுக்குக் கை போதும்."

மேலே இருந்து எனக்கு நன்றாகவே தெரிந்தது. நாத்தனாரின் இடுப்புச் செருகலில் அரிவாள் பிடி.

"அந்தப் பொண்ணு இடுப்புல இருக்குதே?"

"அதுவா? அது ஆட்டுக்குத் தழ ஒடிக்க வெச்சிருக்குது. தழ ஒடிக்கறதும் குத்தம்தானுங்க? அதனால இல்லன்னே வெச்சிக்குங்க."

"அம்மா, எடும்மா. நான் பறிமுதல் பண்ண மாட்டேன்."

"மாதா மேல சத்தியம் பண்ணுங்க."

"நான் வேதக்காரன் இல்லியே."

"அப்ப ஒங்க சாமி மேலயும் பண்ணுங்க. ரெண்டு பேரும் கேட்டுக்கட்டும்."

இரண்டு சாமிகள் மேலும் சத்தியம் செய்தேன். ஒரு அரிவாள் இருக்கும் என்று நினைத்தேன். மூன்று அரிவாள்கள் வெளியே வந்தன. மூன்றாவது பெண்ணுடைய அரிவாள்தான் எல்லாவற்றிலும் பெரியது.

வெட்ட ஆரம்பித்தார்கள். முதலில் அடிமரத்தை ஒட்டி வெட்டினார்கள். பிறகு பத்தடி தள்ளிப் போய் வேறு ஒரு கொடியை வெட்டினார்கள். நல்ல நீளக் கொடி, முள்ளில்லாதது, கூடைக்கு வாகானது. பிறகு இன்னொன்று. பிறகு பாறைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். வெட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா! அங்க எதுக்கு வெட்டறீங்க? நான் இங்க இருக்கேன்!"

"எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பின்னிக்கினு இருக்குதுங்க ஐயா. அங்க வெட்னாத்தான் இங்க தளரும்," என்று பாறைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

பின்னியிருந்தது பொய் இல்லை. அதனால்தான் என்னால் மறுத்தும் பேச முடியவில்லை. அரசாங்கத்தின் கொடிகளை என் காது கேட்கவே, என் அனுமதியோடு, என் பெயரைச் சொல்லி அவர்கள் வெட்டிக் குவிப்பதை ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு மாசத்துக்கு வேண்டியது சேர்ந்த பிறகுதான் நாத்தனார் மரத்தில் ஏறி, என்னைச் சுற்றியிருந்த இண்டங்கொடியை ஒவ்வொரு கிளையாக அறுத்தாள். முள்ளை அவள் இழுக்கவே இல்லை. உள்பக்கமாகத் தள்ளித் தள்ளி எடுத்தாள். அப்படித் தள்ளினால் முள் தானாக விடுகிறது. காலையில் எனக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் தேவலை.

சட்டை பிழைத்தது. நிஜார் பிழைக்கவில்லை. நான் இறங்கும்போது அது என்னோடு வருவதில்லை என்று முடிவு செய்துவிட்டது. பெண்கள் மூன்று பேரும் மரியாதையாகத் திரும்பி நின்றுகொண்டார்கள். மூன்று முதுகுகளும் குலுங்கிக்கொண்டிருந்தன. தலைப்பாகைத் துணியை அவிழ்த்து இடுப்பில் சுற்றிக்கொண்டேன். நீளம் ஏகப்பட்டது, அகலம் போதவில்லை. முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது.

இந்தக் கோலத்தில் இறங்கி வருகிறோம். முன்னால் நான். பின்னால் மூன்று பெரிய கொடிக் கட்டுகள். இந்த முறை பேருக்குக்கூட ஒரு சுள்ளி இல்லை. மலையடிப் புளியமரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒருவர் நின்றிருந்தார். தொப்பியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ரேஞ்சர். சொல்லாமல் கொள்ளாமல் தணிக்கைக்கு வந்திருக்கிறார்.

அவர் என்னைப் பார்த்தார். என் இடுப்பைப் பார்த்தார். எனக்குப் பின்னால் இருந்த கட்டுகளைப் பார்த்தார்.

"இன்னாய்யா இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் எனக்குப் பின்னாலிருந்து மாதா சுரூபக்காரியின் குரல் கேட்டது.

"கொடி வெட்டு வேலைங்க ஐயா. கார்டு ஐயாதான் காலைல வந்து கூப்ட்டாரு. மரமெல்லாம் நெரிஞ்சி போவுது, வாங்கம்மான்னாரு. அவரே முன்னால நின்னு, மரத்து மேலல்லாம் ஏறி, நிஜாரெல்லாம் கிழிச்சிக்கினு... நாங்களே சொன்னோங்க, போதும் எறங்குங்கன்னு. கேக்கல."

ரேஞ்சரின் முகம் மெல்ல மலர்ந்தது. "மூணு மாசமா ஆளே கெடைக்கலன்னு மேல எழுதிக்கினு இருக்கேன். ஆம்பளைங்க எல்லாம் பட்டாளத்துக்குப் போய்ட்டாங்க, இல்லன்னா மிலிட்டரி ரோடு வேலைக்குப் போய்ட்டாங்க. நீ எப்படிய்யா புடிச்ச?" என்று என்னைக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா கூலிக்கு இன்னும் உத்தரவு வரலையே," என்றார்.

"கூலி வாணாங்க. வெட்ன கொடிய நாங்களே எடுத்துக்கினு பூடறோம். மலையும் சுத்தமா இருக்கும்."

"வாரா வாரம் வருவீங்களா?"

"கார்டு ஐயா கூப்ட்டா வருவோம்."

மூன்றாவது பெண்ணைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரேஞ்சர் என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, கடமையில் கிழிந்த நிஜாருக்குப் பதில் வேறு தர சிபாரிசு செய்வதாகச் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார். சிபாரிசு உண்மையிலேயே செய்தார். துணி எட்டு மாசம் கழித்து வந்தது.

அவர் தலை மறைந்ததும் நான் மாதா சுரூபக்காரியிடம், "ரொம்ப நன்றிம்மா. நீ மட்டும் அந்த நேரத்துக்கு மரத்தடிக்கு வராம இருந்தா என் கதி என்ன?" என்றேன். மனசார நெகிழ்ந்துதான் சொன்னேன்.

"அதுக்கென்னங்க. செருப்புத் தடம் மரம் வரிக்கும் போவுது, திரும்பி வரல. அப்பவே தெரிஞ்சிபோச்சி."

"அப்ப... நான் மேல இருக்கிறது தெரிஞ்சேதான் பேசினீங்களா?"

"மத்ததெல்லாம் ஒங்க காதுல உழணும்னு பேசினது. நிஜாரப் பத்திப் பேசினது மட்டும் நெஜமாப் பேசினது."

அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள் அவர்களோடு மலை ஏறினேன். மேற்பார்வை என்று பேர். கோபித்துக்கொள்ளலாமா என்று ஒரு வாரம் யோசித்துப் பார்த்தேன். கோபம் வந்தால்தானே. அவர்கள் தரையோடு வெட்டவே மாட்டார்கள் என்பதைக் கவனித்தேன். முழங்கால் உயரத்தில், கணுவுக்கு மேலே வெட்டுவார்கள். மழை பெய்ததும் அந்தக் கணுவிலிருந்து நாலு கொடி கிளம்பும். ரேஞ்சர் உத்தரவு வேரோடு எடுக்கச் சொன்னது. பதிவேட்டில் நான் 'எடுக்கப்பட்டது' என்று எழுதினேன். என்ன எடுக்கப்பட்டது என்று யாரும் கேட்கவில்லை.

ஒரே ஒரு கொடியில்தான் வில்லங்கம் வந்தது. ஓடைக்கரையில் ஒரு வேம்பாளங்கொடி இருந்தது. வேர்ப்பட்டையை எண்ணெயில் போட்டால் ரத்தச் சிவப்பாகச் சாயம் இறங்குமே, அந்த வேம்பாளம். ஆள் இடுப்புப் பருமன். தரையிலிருந்து கிளம்பி, பெரிதாக ஒரு வளைவு வளைந்து, மேலே போய் ஏழெட்டு மரங்களின் தலையைச் சேர்த்துக் கட்டியிருந்தது. ரேஞ்சர் அடுத்த முறை வந்தபோது தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "அதை முதல்ல வெட்டு," என்று சொல்லிப் போனார்.

பெண்கள் முடியாது என்றார்கள். "அத வெட்னா மேல இருக்கற பாதிக்காடு கீழ வந்துடும். எங்க தலமேலதான் வரும்," என்றாள் மாதா சுரூபக்காரி. அண்ணாந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி என்று எனக்கே தெரிந்தது. அந்த ஏழெட்டு மரங்களில் இரண்டு எப்போதோ செத்துப்போனவை. கொடி பிடித்திருப்பதால்தான் நின்றன.

மழை முடிந்து ரேஞ்சர் நேரில் பார்க்க வந்தார். கனத்த ஆள். ஏற்றத்தில் மூச்சு வாங்கி, ஓடைக்கரைக்கு வந்ததும் உட்கார இடம் தேடினார். எங்கும் ஈரம். வேம்பாளங்கொடியின் வளைவு சரியாக நாற்காலி உயரத்தில் இருந்தது. கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். தண்ணீர் கொண்டுவர நான் ஓடைக்கு இறங்கினேன். திரும்பி வரும்போது புதருக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன்.

ரேஞ்சர் காலால் தரையை லேசாக உந்தினார். கொடி அசைந்தது. சுற்றும் முற்றும் பார்த்தார். இன்னொரு முறை உந்தினார், கொஞ்சம் பலமாக. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலை நீட்டி மடக்கி, முழு வேகத்தில் ஆட ஆரம்பித்தார். மேலே ஏழெட்டு மரங்களும் சேர்ந்து அசைந்து இலை உதிர்த்தன. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

எதிர்ப்புறப் பாறைக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூன்றாவது பெண்தான். எனக்கு அந்தச் சிரிப்பு நன்றாகப் பழகிப்போயிருந்தது.

ரேஞ்சர் காலை ஊன்றி நிறுத்தினார். தொப்பியைப் போட்டுக்கொண்டார். பாறைக்குப் பின்னாலிருந்து மூவரும் கை கட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். நானும் தண்ணீரோடு போய் நின்றேன்.

"இதை இன்னும் ஏன்யா வெட்டல?" என்றார், என்னைப் பார்க்காமல்.

பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே எழுந்து கொடியைச் சுற்றி வந்தார். விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார்.

"இவ்ளோ பருமன் இருக்கிறது எப்படிய்யா கொடியாவும்? இது மரம். மரம் வெட்ட நமக்கு உத்தரவு கெடையாது. அப்படியே எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். ஓடைக்கரையில் மரம் ஒன்று, சாய்ந்த நிலையில், உறுதியாக உள்ளது.